பித்தம் இல்லை, பையைக் கொட்டுங்கள்

தண்டையார்பேட்டையில் நான் உட்காரும் கிளினிக்கில் "குமட்டுது" என்று சொல்பவர்கள் குறைவு. "பித்தமா இருக்கு டாக்டரம்மா" என்பார்கள். எலுமிச்சைச் சாறு, இஞ்சிக் கஷாயம், சோடா, கேஸ் மாத்திரை என்று எல்லாம் பார்த்துவிட்டு மூன்றாவது வாரம்தான் வருவார்கள்.

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். "நாப்பது வருசமா மீன் கவுச்சியிலயே கீறேன். இப்ப சோத்தைப் பாத்தாலே ஒமட்டுது." பையில் இருந்த மருந்தையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அதுவே குமட்டும், வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் அதிகமாக. ஆனால் அதற்கு அடியில், பெயர் பாதி வெட்டுப்பட்ட அட்டைத் துண்டு ஒன்று. டைக்ளோஃபெனாக். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி, இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறார். கால் வீக்கத்தைக் கேட்டதும் மெட்டியைக் காட்டினார். விரல் சதைக்குள் புதைந்திருந்தது. இந்த வலி மாத்திரையை இப்படித் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் 1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, 4.8. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கினால் வயிறு இப்படித்தான் புரட்டும். இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, அன்றைக்கே சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினேன்.

எல்லாக் குமட்டலும் இவ்வளவு தூரம் போகாது. இரைப்பைப் புண், ஒற்றைத் தலைவலி, காதுக்குள் சமநிலைக் கோளாறு, வெறும் கவலைகூடக் காரணமாகலாம். நாற்பதைத் தாண்டிய பெண்ணிடமும் நான் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். சரி, பரவாயில்லை, ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால் மஞ்சள் காமாலை வரும். கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே சாப்பாடு வெறுத்துப்போகும். காசநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் குமட்டலோடு சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால், ஈரல் அடிபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே மருந்து தரும் மையத்தில் காட்டிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்குத் திடீரென்று குமட்டி வியர்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது மாரடைப்புதான். நெஞ்சு வலிக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்; உடனே இசிஜி எடுக்க வேண்டும். விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, ரத்த வாந்தி, கறுப்பாக மலம், எடை குறைவு, இவற்றுக்கும் கஷாயம் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி, ஒரு வாரத்தைத் தாண்டினால் வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும், கிழிந்த அட்டையையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.