கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக்: நாட்கணக்கு விதியும் கோலிஸ்டின் தடையும்

மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் குறித்து இந்தியாவில் இரண்டு விதிகள் முக்கியமானவை. இரண்டும் ஒரே நோக்கம் கொண்டவை என்று பண்ணையாளர்கள் பலர் எண்ணுவதால், அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது நாட்கணக்கு. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2012ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான மருந்தின் மேலுறையில், கடைசி வேளை மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்துப் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் உணவுக்கு எடுக்கலாம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். தனிக் காலம் வரையறுக்கப்படாத மருந்து என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி, ஆடு, மாட்டிறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு மட்டும் கணக்கு வேறு: 500 டிகிரி நாள். அதாவது, குளத்து நீரின் சராசரி வெப்பநிலையால் 500ஐ வகுக்க வேண்டும்; 25 டிகிரி செல்சியஸ் என்றால் 20 நாள். நீர் குளிர்ந்திருந்தால் மீனின் உடல் மருந்தைக் கழிக்க அதிக நாள் பிடிக்கும். மடிநோய்க்காக ஒரு காம்பில் மருந்து ஏற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புப் பாலைச் சங்கத்துக் கேனில் ஊற்றுவதும் தவறே. மருந்து இரத்தம் வழியாக அந்தப் பாலுக்கும் செல்லக்கூடும், காய்ச்சினாலும் முழுவதும் அழியாது.

ஆனால் இந்த நாட்கணக்கு மருந்தெச்சத்தைத்தான் தடுக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாவதைத் தடுக்காது. தீவனத்தோடு சிறிது சிறிதாக மருந்தைத் தின்ற கோழியின் குடலில், மருந்தைத் தாங்கியவையே மிஞ்சிப் பெருகுகின்றன. விற்கும் நாளில் இறைச்சியில் மருந்து துளியும் இல்லாதிருக்கலாம். எருவில் அந்தப் பாக்டீரியா இருக்கும்.

இரண்டாவது விதி இதற்காகவே வந்தது. வேறு மருந்து எதுவும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினை, கோழி விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொரு வகைக்கே தாவக்கூடிய மரபணு அது. 2019 ஜூலையில், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ், உணவுக்கான விலங்குகள், கோழிப்பண்ணை, மீன் மற்றும் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு தடை செய்தது.

நாய், பூனை அந்தத் தடையின் வாசகத்தில் இல்லை. அவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது, என் பார்வையில், தீவனக் கலப்புக்குச் சற்றும் குறைந்த தவறு அல்ல. பண்ணைக்குப் பொடி வாங்குபவர்கள் மூட்டையின் சேர்மானப் பட்டியலில் கோலிஸ்டின் சல்பேட் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால், ரசீதோடு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம்.