எதிர்ப்பைக் கிளப்பாமலே உடலுக்குள் பரவும் வைரஸ்

வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்ததும், ரிக்-ஐ போன்ற புரதங்கள் அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்என்ஏவை அடையாளம் கண்டுகொள்கின்றன. செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. பக்கத்துச் செல்களும் உஷாராகின்றன. பிறவியிலேயே நமக்குள் இருக்கும் இந்த முதல் எதிர்ப்பு போதாமல் போனாலும் ஆபத்து, அளவு மீறினாலும் ஆபத்து. மீறினால் அழற்சியே உறுப்புகளைக் கெடுத்துவிடும்.

இந்த அளவைக் கவனித்துக்கொள்பவற்றில் மைக்ரோ ஆர்என்ஏக்களும் அடக்கம். சுமார் 22 எழுத்து (ஆர்என்ஏவின் அலகு) நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்குகள் இவை. 1993-ல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாகத் தெரியவந்தன; அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவை ஆர்கோநாட் என்ற புரதத்தோடு சேர்ந்து, புரதம் உருவாக்குவதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏக்களில் தமக்குப் பொருந்துவதில் ஒட்டிக்கொள்ளும். முழுக்கப் பொருந்த வேண்டும் என்றில்லை, ஏழெட்டு எழுத்து இணைந்தாலே பெரும்பாலும் போதும். அப்புறம் அதிலிருந்து புரதம் உருவாவது குறைந்துவிடும்.

மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ இதற்கு நல்ல உதாரணம். எதிர்ப்பை முடுக்கிவிடும் அதே சமிக்ஞைதான் இதன் அளவையும் கூட்டுகிறது. கூடியதும் இது அந்தச் சமிக்ஞையைக் கடத்தும் டிராஃப்6, ஐராக்1 புரதங்களைக் குறைத்து, கிளம்பிய எதிர்ப்பைத் தணிக்கிறது. மிர்-155 நேர்மாறு: சாக்ஸ்1 என்ற தடுப்பானைக் குறைத்து இன்டர்ஃபெரானுக்கு வலுச் சேர்க்கிறது.

இந்த ஏற்பாட்டையே ஒரு வைரஸ் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டதுதான் என்னை அசரவைக்கிறது. வட அமெரிக்காவில் கொசுக்கள் பரப்பும் கிழக்கத்தியக் குதிரை மூளையழற்சி வைரஸ் அது. கடும் நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்துவிடுகிறார்கள். இதன் ஆர்என்ஏவின் வால்பகுதியில், மிர்-142-3பி ஒட்டிக்கொள்வதற்கான இடங்கள் இருக்கின்றன. இந்த மைக்ரோ ஆர்என்ஏ ரத்த, நோயெதிர்ப்புச் செல்களில் ஏராளமாக உண்டு. அங்கே நுழையும் வைரஸின் ஆர்என்ஏவில் அது ஒட்டிக்கொள்வதால், வைரஸால் பெருக முடிவதில்லை. கேட்கும்போது வைரஸுக்கு நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் இன்டர்ஃபெரானை அதிகம் சுரக்கக்கூடிய செல்களே அவைதான். அங்கே பெருகாததால் எச்சரிக்கையும் பெரிதாக எழுவதில்லை. வைரஸ் வேறு செல்களில் பெருகி மூளையை எட்டிவிடுகிறது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வில் அந்த ஒட்டுமிடங்களை நீக்கிப் பார்த்தார்கள். மாற்றிய வைரஸ் நோயெதிர்ப்புச் செல்களிலும் பெருகியது, இன்டர்ஃபெரான் எழுந்தது, எலிகளுக்கு வந்த நோயின் கடுமை குறைந்தது. கொசுக்களிடமும் அந்த வைரஸால் சரியாகத் தொற்ற முடியவில்லை. தடுப்பூசிக்காக வைரஸை வலுவிழக்கச் செய்பவர்களுக்கு இந்த இரண்டு குணங்களுமே தேவை.