கால் போத்தலில் எத்தனை கிராம்?

பரந்தன் சந்தியில் உழவு இயந்திரத்தை ஓரங்கட்டிய சாரதி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குடியைக் குறைக்க உதவும் செயலி ஒன்று கைத்தொலைபேசித் திரையில் அவரைக் கேட்கிறது: "நேற்று எவ்வளவு குடித்தீர்கள்?" அவர் மனதில் இருக்கும் விடை "ஒரு கால்". செயலிக்கு அது போதாது; அளவும் செறிவும் வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் வெற்றுச் சாராயப் போத்தலைத் திருப்பிப் பார்த்து 180 மில்லிலீற்றர், 33.5 சதவீதம் என்று பதிகிறார். 48 கிராம் தூய மதுசாரம் என்று விடை வருகிறது.

கணக்கு எளிது. 180இல் 33.5 சதவீதம் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர். மதுசாரம் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லிலீற்றர் 0.79 கிராம்தான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள். 10 கிராமை ஓர் 'அளவு' என்று வைத்துக்கொள்ளும் நாடுகள் பல. அந்தக் கணக்கில் ஒரு கால் போத்தல் ஏறத்தாழ ஐந்து அளவு. "பியர்தானே" என்பவர்களுக்கும் ஒன்று: 8.8 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிலீற்றர் பியரில் 35 கிராம் இருக்கிறது. கசிப்புக்கு இந்தக் கணக்கே செல்லாது. வடிக்கும் ஒவ்வொரு முறையும் செறிவு மாறும். கலந்தது என்னவென்று வடித்தவருக்குத்தான் வெளிச்சம்.

குடியைக் குறைக்க உதவும் இணையத்தளங்களும் செயலிகளும் இப்படி எண்ண வைப்பதில்தான் தொடங்குகின்றன. பல நாடுகளில், மக்கள் தாங்கள் குடித்ததாகச் சொல்லும் அளவை எல்லாம் கூட்டினால் கடைகளில் விற்ற அளவைவிடக் குறைவாகவே வருகிறது. எல்லாவற்றையும் பொய் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் வட்டமாக இருந்து ஊற்றும்போது கிளாசை யார் எண்ணுகிறார்கள்? அன்றன்றே பதிந்தால் இந்த மறதிக்கு இடம் இல்லை.

ஆனால் எண்ணுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, முடிவெடுக்கும் நேரத்தை மாற்றுவது. பல வருடம் குடித்துப் பழகிய மூளை, போத்தலைத் திறக்கும்வரை காத்திருப்பதில்லை. கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், கையில் வந்த நாட்கூலி, தவறணைக்குத் திரும்பும் ஒழுங்கை என்று பழகிய சைகை ஒன்று தென்பட்டதுமே டோபமின் என்ற மூளை இரசாயனம் சுரந்து 'வேண்டும்' என்ற உந்துதலைக் கிளப்பிவிடுகிறது. முதல் கிளாஸ் உள்ளே போனதும், நிதானித்து முடிவெடுக்கும் முன்மூளையை மதுசாரம் மந்தப்படுத்துகிறது. ஆகவே இரவு ஏழரை மணிக்கு "இன்னொன்று வேண்டாம்" என்று தீர்மானிப்பது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுகிற வேலை.

அதனால் செயலி காலையிலேயே கேட்கிறது: இன்று எந்தச் சைகை வரும், வந்தால் என்ன செய்வீர்கள்? "குறைப்பேன்" என்ற விடை போதாது. ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் ஆராய்ந்த 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவம் வேண்டும். "ஆறு மணிக்கு அண்ணை 'தம்பி, வா போவோம்' என்று கூப்பிட்டால், 'மகளை டியூஷனில் இருந்து ஏற்ற வேண்டும், அண்ணை' என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்புவேன்." உண்மையிலேயே மகளை ஏற்றப் போவதாக இருந்தால் இன்னும் நல்லது. குடித்த நேரத்தில் வேறொரு வேலை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியும் ஆசை கிளம்பும். அதை அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் அலையோடு ஒப்பிட்டார். எழும், உச்சிக்குப் போகும், குடிக்காவிட்டாலும் தானாகவே இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலைக்குப் பக்கத்தைக் காட்டினால் வள்ளம் புரளும், முகம் கொடுத்தால் ஏறி இறங்கும். அந்த அரை மணியைக் கடக்கத்தான் செயலி நேரத்தைக் காட்டுகிறது, மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது. நம் சாரதியோ பிளேன்டீ குடிக்கப் போகிறார். அதுவும் சரிதான்.

ஒருநாள் தவறியவர் அடுத்த நாளும் தவறுவது ஏன் என்பதற்கும் மார்லட்டிடம் விடை உண்டு. நம்மிடம் அது பழமொழியாகவே இருக்கிறது: "நனைந்தபின் முக்காடு எதற்கு?" ஒரு கிளாசுக்குப் பிறகு "எல்லாம் போயிற்று" என்று நினைப்பவர் போத்தலை முடிக்கிறார். செயலி அதையும் வெறும் எண்ணாகப் பதிந்துகொண்டு மறுநாள் வழக்கம்போல் கேட்கிறது. அது முகம் சுளிப்பதில்லை. ஊரில் மனநலப் பிரிவுக்குப் போனால் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே மூன்று பேர் விசாரிப்பார்கள். திரைக்கு அந்த வாய் இல்லை.

ஆனால் இது எல்லோருக்குமான வழி அல்ல. காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், உடல் மதுசாரத்தைச் சார்ந்துவிட்டது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் கடும் மனக்குழப்பமும் வரலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் முதலில் பேசலாம்.

மற்றவர்களுக்கு எவ்வளவு பலன்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் 57 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. இத்தகைய செயலிகளையும் தளங்களையும் பயன்படுத்தியவர்கள், பயன்படுத்தாதவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 23 கிராம் குறைவாகக் குடித்தார்கள். ஒரு காலில் பாதி. பெரிய அற்புதம் அல்ல. காசில்லாத வேலைக்கு மோசமும் அல்ல. குடிக்குப் பதிலாக வேறொன்றைச் செய்வதும், இடறும் இடத்தை முன்கூட்டியே யோசித்து வழி தேடுவதும் கூடுதல் பலன் தந்த உத்திகளில் இரண்டு. இவற்றுக்குச் செயலிகூட வேண்டாம். நெல் மூடைக் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கம் போதும்.

நம் சாரதி மூன்றாவது வாரத்து வரைபடத்தைப் பார்க்கிறார். போயா அன்று மதுக்கடை பூட்டு, பூச்சியம். அதற்கு முதல் நாள் 96 கிராம். அடைப்பு நாளுக்கென்று வாங்கி வைத்ததை அன்றிரவே முடித்திருக்கிறார். சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்கு எழுதுகிறார்: "போயாவுக்கு முதல் நாள் சம்பளம் வந்தால், காசை நேரே மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன்."