விபத்தில் உங்கள் பிழை இல்லாதபோதும் காப்புறுதிக் கட்டணம் ஏன் ஏறுகிறது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை ஓடும் ஏ4 வீதியிலும், செங்கலடி, வாழைச்சேனைப் பக்கமும், உள்ளே சம்மாந்துறை, அம்பாறை வரையிலும் விபத்துக்குள்ளான வாகனங்களைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். விபத்து நடந்த அன்று எவரும் கேட்காத ஒரு கேள்வி, காப்புறுதியைப் புதுப்பிக்கும் கடிதம் கைக்கு வந்ததும் தொலைபேசியில் கேட்கப்படுகிறது. "சேர், வந்து இடித்தது அவர். எனக்கு ஏன் கட்டணம் கூடியது?" கேட்பவரின் குரலில் கோபமும் இருக்கும், ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகமும் இருக்கும். இரண்டும் நியாயமானவை. பல நேரங்களில் அந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனையில் நான் பார்த்த ஒரு காரைச் சொல்கிறேன். உரிமையாளர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியை ஒருவர். பாதசாரிக் கடவையில் ஆட்கள் கடப்பதற்காகக் காரை நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த வான் ஒன்று மோதிவிட்டது. பம்பர் உடைந்து டிக்கி மூடி நசுங்கியது. வான் சாரதி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், தன் பிழைதான் என்றும் சொன்னார். ஆசிரியை தன் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்தார். பரிசோதகர் வந்தார், படம் எடுத்தார், அந்த இடத்திலேயே ஒரு தொகையைச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. வான் இலக்கத்தை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. பொலிசுக்குப் போகவுமில்லை. "மனிசன் நல்லவர், அவரை ஏன் அலைக்கழிப்பான்?" என்று கூட வந்தவர் சொன்னாராம். அடுத்த புதுப்பித்தலில் அவருடைய நோ கிளைம் போனஸ் வெட்டப்பட்டிருந்தது.

அந்தப் போனஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். முழுக் காப்புறுதி எடுத்தவர் ஒரு வருடம் கிளைம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கை, எதுவும் கேட்காமல் இருந்தால், அடுத்த வருடக் கட்டணத்தில் ஒரு வீதத்தை நிறுவனம் கழித்துவிடுகிறது. வருடங்கள் கூடக் கூட அந்த வீதமும் உயரும். பழைய, கவனமான சாரதிகள் பலர் அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே செலுத்துகிறார்கள். ஆகவே இந்தக் கழிவு சிறிய சலுகை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கட்டும் தொகையைத் தீர்மானிப்பதே அதுதான். நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் பார்ப்பது, உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் கீழ் பணம் வெளியே போனதா, போன பணம் திரும்ப வந்ததா என்ற இரண்டையும் மட்டுமே. யார் பிழை என்ற விடயம் அந்தக் கணக்குக்குள் தானாக நுழையாது. நீங்கள்தான் அதை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஒரு கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைக் கட்டணம் 150,000 ரூபாய், உங்கள் போனஸ் 60 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டுவது 60,000. ஒரு கிளைமுக்குப் பிறகு போனஸ் 40 வீதமாக இறங்கினால் கட்ட வேண்டியது 90,000. மறுவருடம் அது 50 வீதத்துக்கு ஏறினால் 75,000. மூன்றாம் வருடம்தான் பழைய இடத்துக்கு வருவீர்கள். இடையில் கூடுதலாகக் கட்டியது 45,000 ரூபாய். பம்பருக்காக நிறுவனம் தந்தது 38,000 என்றால், பிழையே செய்யாத நீங்கள் 7,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டிருக்கிறீர்கள். வீதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல், வீதியோரத்தில் நின்றபடி சிறிய தொகைக்குக் கையெழுத்திடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பரிசோதகர் வந்து பார்ப்பதும், படம் எடுப்பதும், சம்பவத்தைப் பதிவுசெய்வதும் வேறு. பணத்தை ஏற்றுக்கொள்வது வேறு. "இப்போதைக்குப் பதிவு மட்டும் செய்யுங்கள், கிளைம் பற்றிப் பிறகு சொல்கிறேன்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உடனடித் தீர்வு என்பது வசதியான சேவைதான், அதில் சந்தேகமில்லை. அதன் விலை அடுத்த வருடம் வரும் என்பதை அந்த இடத்திலேயே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பிழை மற்றவருடையது என்றால் முதலில் போக வேண்டிய கதவு அவருடைய காப்புறுதி நிறுவனம். அவரையும் அந்த இடத்திலேயே தன் நிறுவனத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய பரிசோதகரும் உங்கள் வாகனத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் கராஜில் விட்டுக் கழற்றிவிட்டால், "சேதத்தை நாங்கள் பார்க்கவில்லையே" என்ற ஒரு வரியில் உங்கள் கோரிக்கை முடிந்துவிடும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்குப் பணம் கிடைத்தால் அவருடைய போனஸ் குறையும். அதனால் அவர் அழைக்கத் தயங்குவார். "தம்பி, நான் செய்து தருகிறேன், கராஜ்காரர் நம்ம ஆள்தான்" என்பார். பெரும்பாலும் அது உண்மையான எண்ணத்துடன் சொல்லப்படுகிறது. ஆனால் எஸ்டிமேட் வந்து தொகையைப் பார்த்த பிறகு தொலைபேசி எடுக்காமல் போனவர்களை ஓட்டமாவடியிலும் பார்த்திருக்கிறேன், திருக்கோவிலிலும் பார்த்திருக்கிறேன். வீதியில் சமாதானமாகப் போவது நம் பக்கத்து நல்ல பழக்கம். சமாதானத்தையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், காப்புறுதி அட்டையின் படம், "இன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்த காரில் என் வாகனம் மோதியது" என்ற ஒரு வரி, கையெழுத்து. நேர்மையான மனிதருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை.

மற்றவரிடம் மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். மூன்றாந் தரப்பு என்று அங்கே சொல்லப்படுவதே உங்களைத்தான். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை. சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பது அவருடைய பத்திரத்தில் எழுதியிருக்கும். மோட்டார் சைக்கிள்களுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் அந்த எல்லை பெரும்பாலும் சிறியது. எல்லைக்கு மேற்பட்ட தொகையை அவரிடமே நேரடியாகக் கேட்க வேண்டும்.

பொலிஸ் முறைப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டங்களில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். ஒருவருக்குக் காயம் என்றால் பொலிசுக்கு அறிவிப்பதில் உங்களுக்குத் தெரிவே கிடையாது. காயமில்லாத மோதலிலும், பிழை மற்றவருடையது என்று நீங்கள் பின்னர் எங்காவது நிறுவ வேண்டியிருந்தால் அந்தப் பதிவு வேண்டும். முறைப்பாடு எழுதப்படும் மொழியைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம், தமிழில் எழுதுமாறு கேட்கலாம். வாசிக்க முடியாத பக்கத்தில் கையெழுத்திட வேண்டாம். நின்றுகொண்டிருந்த கார், எழுத்தில் "சென்றுகொண்டிருந்த கார்" ஆகிவிட்ட ஒரு கோப்பு என் கைக்கு வந்திருக்கிறது. அந்த ஒரு வினைச்சொல்லினால் பிழை இருவருக்கும் பங்கிடப்பட்டது. முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். சான்றுப்படுத்திய பிரதியைப் பிறகு கட்டணம் செலுத்திப் பெறலாம்.

படங்களும் அப்படித்தான். உடைந்த பம்பரை நெருங்கி நின்று பத்துப் படம் எடுக்கிறார்கள். எனக்குத் தேவையானது தள்ளி நின்று எடுத்த இரண்டு படம். வீதியின் நடுக்கோடு, இரண்டு வாகனங்களும் நின்ற நிலை, பிரேக் தடம், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை, இவை தெரிய வேண்டும். வாகனங்களை ஓரங்கட்டுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். கடைகளில் இப்போது கமெரா இருக்கிறது. பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் கடைக்காரரிடம் அன்றே கேளுங்கள். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் தன் கடைக் கமெராப் பதிவை அதே மாலையில் எடுத்துக் கொடுத்ததால், முச்சக்கரவண்டி குறுக்கே திரும்பியது சந்தேகமின்றித் தெரிந்தது. காரின் உரிமையாளர் தன் பத்திரத்தைத் தொடவே தேவையிருக்கவில்லை.

சில விபத்துகளில் கேட்பதற்கு மறுபக்கம் ஆளே இருக்காது. அறுவடைக் காலத்தில் பின் விளக்கில்லாமல் இருட்டில் போகும் உழவு இயந்திரப் பெட்டி மோதிய பிறகு வயலுக்குள் இறங்கி மறைந்துவிடும். வீதியில் படுத்திருக்கும் மாட்டில் உரிமையாளரின் சூட்டுக் குறி இருந்தாலும் அவர் வரமாட்டார். மகாஓயாப் பக்கம் யானை குறுக்கிட்டால் அதுவும் அப்படியே. இவை எல்லாம் உங்கள் பத்திரத்தின் மேல்தான் விழும், போனஸும் குறையும். இதில் போராடுவதற்கு அதிகமில்லை. சேதம் பெரிதென்றால் கிளைம் கேளுங்கள். சிறிதென்றால் மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சேதம் பெரிதாக இருந்து, மற்றவரின் நிறுவனம் இழுத்தடித்து, நீங்கள் உங்கள் பத்திரத்திலேயே கிளைம் எடுக்க வேண்டி வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. உங்களுக்குக் கொடுத்த பணத்தை, பிழை செய்தவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ கேட்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு வருகிறது. நிறுவனங்கள் அதை எப்போதும் பயன்படுத்துவதில்லை. இரண்டு பக்கமும் முழுக் காப்புறுதி இருந்தால், நொக் ஃபோர் நொக் என்று துறையில் அழைக்கப்படும் ஏற்பாட்டின்படி, ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளரின் சேதத்தைத் தானே ஏற்றுக்கொண்டு மற்றதிடம் கேட்காமல் விடுவதும் உண்டு. நிறுவனங்களுக்கு அது செலவைக் குறைக்கும் வழி. வாடிக்கையாளரின் போனஸை அதற்குப் பலியிடுவது நியாயமில்லை. எனவே கிளைம் படிவத்துடனேயே ஒரு கடிதம் கொடுங்கள்: பிழை மற்றவருடையது, ஆதாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன, தொகையை அவரிடமிருந்து மீட்க வேண்டும், என் போனஸைக் குறைக்கக் கூடாது. பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கிளைக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வருவது எந்தக் கோப்பிலும் ஏறாது.

பதில் திருப்தியில்லை என்றால், நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதிய பிறகு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். நீங்கள் கையிலிருந்து போட்ட தொகை, வாகனம் கராஜில் கிடந்த நாட்களின் வாடகைச் செலவு போன்றவற்றுக்காகப் பிழை செய்தவர்மீது வழக்குத் தொடர்வதானால், காலாவதிக் கட்டளைச் சட்டம் தருவது விபத்து நாளிலிருந்து இரண்டு வருடங்கள். கடிதப் போக்குவரத்திலேயே அந்தக் காலம் கரைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். முதல் வருடம் முடிவதற்குள் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

புதுப்பித்தல் கடிதத்தில் தொகை கூடியிருந்தால், கூடியது முழுவதும் போனஸினால்தானா என்றும் பாருங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. சந்தை விலைக்கேற்பக் காப்புறுதித் தொகையை உயர்த்தினால் கட்டணமும் உயரும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது, அதுவும் அந்தக் கட்டணத்துக்குள் இருக்கிறது. அடிப்படைக் கட்டணம், போனஸ் வீதம், வரிகள் என்று பிரித்துத் தரும்படி கேளுங்கள். பெரும்பாலான கிளைகளில் ஒரு தாளில் எடுத்துத் தருவார்கள். கோபத்தில் நிறுவனம் மாறுவதானால், பழைய நிறுவனத்திடம் போனஸ் உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு மாறுங்கள். புதிய இடத்துப் படிவத்தில் நடந்த விபத்தை மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னர் தெரியவந்தால், அடுத்த விபத்தில் முழுக் கிளைமையும் நிராகரிக்க அது போதுமான காரணம்.