உறை உண்மை, முத்திரை பொய்: ஜெர்மன் போர்முனைக் கடிதங்களை வாங்குமுன்

பழைய அஞ்சல் உறைகளைச் சோதித்து மதிப்பிடும் தொழிலில் இருக்கும் என்னிடம், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் படைவீரர் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் கொண்டுவந்தார். காகிதம் பழுத்திருந்தது, நகல் பென்சிலில் எழுதிய முகவரி ஈரம் பட்ட இடங்களில் ஊதாவாகக் கசிந்திருந்தது, 'ஃபெல்ட்போஸ்ட்' (கள அஞ்சல்) என்ற வட்ட முத்திரையில் 1943ஆம் ஆண்டுத் தேதி தெளிவாகத் தெரிந்தது. இவை அனைத்தும் உண்மையானவையே. கீழ்மூலையில் இருந்த, நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்.எஸ். படைப்பிரிவின் முத்திரை மட்டும் பொய். அந்த ஒன்றுக்காகவே அவர் பல மடங்கு விலை கொடுத்திருந்தார்.

உறை எப்போதோ நடுவில் மடிக்கப்பட்டிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, அஞ்சல் முத்திரையின் மை மடிப்புக் கோட்டில் உதிர்ந்து இடைவெளி விட்டிருந்தது, எஸ்.எஸ். முத்திரையின் மையோ, வாய்க்காலில் நீர் இறங்குவதுபோல், அதே மடிப்பின் முறிந்த இழைகளுக்குள் இறங்கி ஊறியிருந்தது. முதலில் அஞ்சல் முத்திரை, பிறகு மடிப்பு, அதற்கும் பிறகே இந்த முத்திரை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

போர்க்காலத்தில் ஜெர்மன் கள அஞ்சல் 3,000 கோடிக்கு மேற்பட்ட கடிதங்களையும் பொதிகளையும் கையாண்டதாக மதிப்பிடுகிறார்கள். சாதாரணக் கடிதம் இன்றும் மலிவாகக் கிடைப்பதால், போலி செய்பவர் முழுக் கடிதத்தையும் உருவாக்க மெனக்கெடுவதில்லை. உண்மையான கடிதத்தில் ஒரு முத்திரையையோ அஞ்சல்தலையையோ ஏற்றிவிடுகிறார். எனவே 'இது அசலா?' என்று கேட்பதைவிட, உறையின்மேல் உள்ளவற்றில் எது எப்போது வந்தது என்று கேட்பதே பயன் தரும். புற ஊதா விளக்கில் காகிதம் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்தையது என்று சந்தேகிக்கலாம். ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகிவிடாது, ஏனெனில் எழுதாத பழைய தாளும் விற்பனைக்குக் கிடைக்கிறது.

அடுத்தது எண். படைப்பிரிவின் பெயரும் இடமும் எதிரிக்குத் தெரியாதிருக்க, களத்தில் இருந்தவர்கள் ஐந்து இலக்க எண்ணையே முகவரியாக எழுதினார்கள். முன்னால் 'எல்' இருந்தால் விமானப்படை, 'எம்' இருந்தால் கடற்படை. பின்னால் வரும் எழுத்து பெரும்பாலும் பட்டாலியனுக்குள் எந்தக் கம்பெனி (சிறு படைக்குழு) என்பதைச் சுட்டும். ஒரு படைப்பிரிவு கலைக்கப்பட்டால் அதன் எண் வேறொன்றுக்குப் போய்விடக்கூடும் என்பதால், தேதியோடு சேர்த்துப் பார்க்காத எண் தவறான வீட்டுக்கே வழிகாட்டும். 'ஸ்டாலின்கிராட் கடிதம்' என்று விற்கப்படுபவற்றில் இந்தக் குழப்பம் மிகுதி. 1942 நவம்பர் 23 அன்று அந்தச் சோவியத் நகர்ப்பகுதியில் ஜெர்மனியின் ஆறாம் ராணுவம் முற்றுகைக்குள் அகப்பட்டது. 1943 பிப்ரவரி 2 அன்று எஞ்சியவர்களும் சரணடைந்தார்கள். ஆனால் அதே எண்ணைக் கொண்டிருந்தும் விடுப்பிலோ வழங்கல் பணியிலோ வளையத்துக்கு வெளியே இருந்தவர்கள் உண்டு. ஆகவே உள்ளே இருக்கும் கடிதத்தைப் படித்தே ஆகவேண்டும். விலைக்காக உறையையும் கடிதத்தையும் பிரித்து விற்கும் வழக்கம் எனக்கு ஆற்றாமை தருவதும் இதனால்தான். பலர் பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் எழுதியிருப்பார்கள். அதில் 'e' எழுத்து 'n' போலவே இருக்கும். அதைப் பிரித்தறிய என் கண்ணுக்கு வெகுகாலம் பிடித்தது.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் விற்பனைப் படங்களில் சின்னத்தை மறைத்துவிடுகிறார்கள். நாம் சோதிக்கவேண்டிய முத்திரையே அந்த மறைப்புக்கு அடியில் போய்விடலாம். மறைக்காத படத்தைத் தனியாகக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இந்தியச் சேகரிப்பாளர்களுக்கு ஒன்று. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் இயக்கத்துக்காகப் பெர்லினில் அச்சான அஞ்சல்தலைகள் அஞ்சல் பயன்பாட்டுக்கு வந்ததே இல்லை. சாதாரணக் கள அஞ்சல் கடிதத்துக்கு அஞ்சல்தலையே வேண்டியதில்லை. ஆசாத் ஹிந்த் அஞ்சல்தலை ஒட்டி முத்திரை குத்திய உறையை எவரேனும் நீட்டினால், விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடிதம் எழுதியவரைத் தேடுவோருக்கு ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் உதவும். படைவீரர் விவரங்களைப் பராமரித்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் அதனுடன் இணைந்துள்ளது. இறந்தவராயின், போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் இணையத் தேடலில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துப் பார்க்கலாம். அவருடைய பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், கிடைத்த விவரங்களை அப்படியே இணையத்தில் ஏற்றவேண்டாம்.

மேசைக்கு வந்த அந்த உறையின் எண்ணையும் தேதியோடு சேர்த்துத் தேடினோம். 1943இல் அது தரைப்படையின் ரொட்டி சுடும் கம்பெனி ஒன்றுக்கு உரியதாக இருந்தது. உள்ளே இருந்த கடிதம் இரவுப் பணியையும் ஈரமான மாவு மூட்டைகளையும் பற்றிப் பேசியது.