ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் இருக்கும் பெண்கள்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள்களாக நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன வீட்டில் நகை காணாமற்போன வழக்கில் கைதான அவருடைய மகளுக்கு ஜாமீன் உத்தரவாகிப் பத்தொன்பது நாள்கள் ஆகியிருந்தன. மகளோ இன்னும் திருச்சி மகளிர் சிறையில்தான் இருந்தார். பைக்குள் குடும்ப அட்டை, ஆதார், மின்கட்டண ரசீது எல்லாம் இருந்தன. ஜாமீன்தாரர் பெயரில் வீட்டு வரி ரசீது மட்டும் இல்லை. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோயில் மனையில் குடியிருக்கிறது. உறவினர்கள் வீடுகளும் அதே மனையில்தான் இருக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 480ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய வழக்கிலும் பெண் என்பதற்காகவே ஜாமீன் வழங்கலாம் என்கிறது. 'வழங்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'வழங்க வேண்டும்' என்றில்லை. ஆகவே கேட்காமல் அது கிடைக்காது. அச்சடித்த மாதிரி மனுவில் பெயரை மட்டும் நிரப்பித் தாக்கல் செய்யும் வழக்கம் பரவலாக இருப்பதால், கைக்குழந்தை இருப்பதோ கர்ப்பமாக இருப்பதோ நீதிபதியின் கண்ணில் படாமலே மனு தள்ளுபடியாகிவிடுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கர்ப்பிணி அட்டை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வழக்கறிஞரிடம் கொடுத்து, அவை மனுவில் எழுதப்பட்டனவா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். அங்கே வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. இதைச் சொன்ன பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே மனு வாங்கிக்கொள்ளப்படும். 15100 என்ற எண்ணிலும் உதவி கோரலாம்.

அடுத்தது நாள் கணக்கு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றமென்றால் 90 நாள்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாள்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால், ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. கைதான நாளிலிருந்து அல்ல, நீதிபதி முதன்முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட (ரிமாண்ட் செய்த) நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. கெடு முடிந்தும் நீங்கள் மனுப் போடாமல் இருந்து, மறுநாள் காலையில் காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். மனு முதலில் தாக்கலாகிவிட்டால், பின்னால் வரும் குற்றப்பத்திரிகையால் அதை அழிக்க முடியாது. ஆகவே 55ஆம் நாளிலேயே மனுவைத் தயாராக வைத்திருங்கள். சட்டம் 'வணிக அளவு' என்று வகுத்திருக்கும் பெரிய அளவிலான கஞ்சா வழக்கில் இந்தக் கெடு 180 நாள்கள்.

இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும் என்ற சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஏழாண்டுத் தண்டனைக்குரிய வழக்கில் அது 2 ஆண்டு 4 மாதம். இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தாலே அந்தப் பிரிவு பொருந்தாது. அப்படி வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்கில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை) போட்டிருக்கிறார்களா என்று ஜாமீன் மனுப் போடுவதற்கு முன்பே சிறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழக்கில் மட்டும் ஜாமீன் வாங்கிச் சிறை வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் பலர்.

உத்தரவு வந்த பிறகுதான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் இரத்த உறவு என்பது நம் பகுதி நீதிமன்றங்களில் வழக்கமான நிபந்தனை. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கப் போனால், சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (சாகுபடிச் சான்று) கொடுக்கும் நேரம், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். வாங்கிப் போனால் ஆதாரில் இருக்கும் முன்னெழுத்து ரசீதில் இல்லை என்பார்கள். இந்த நடையிலேயே கூலிக்காரக் குடும்பம் பாதிக் கடனாளியாகிவிடுகிறது.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வகுத்தது. உத்தரவு வந்து 7 நாள்களுக்குள் ஒருவர் வெளியே வரவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் கொடுக்க இயலவில்லையென்றால், நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் அதிலே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மூதாட்டியின் மகளுக்காக யாரும் ஏழாம் நாள் எதையும் எழுதவில்லை. இருபதாம் நாள், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்த ஜாமீனில் விடக் கோரி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு மனு போடப்பட்டது. நான்கு நாளில் அவர் வெளியே வந்தார். எட்டாம் நாளே போட்டிருக்க வேண்டிய மனு அது.

ஜாமீன் தொகை கட்ட முடியாதவர்களுக்காக, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு வழியாக அதை நீதிமன்றத்தில் செலுத்தும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2023இல் தொடங்கப்பட்டது. பணம் குடும்பத்தார் கையில் தரப்படாது. போதைப்பொருள் வழக்குகளுக்கு இது கிடையாது. கஞ்சா வழக்கில் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த வழியில் அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

அமர்வு நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வழக்குகள் சென்னைக்கும் போகும். வீடு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், வழக்குப் பதிவான காவல் நிலையம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து வழக்கறிஞரைத் தேடுங்கள்.

வெளியே வந்ததும் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். நடவுக்கும் களைபறிப்புக்கும் விடிகாலையில் இறங்க வேண்டிய பெண்ணுக்கு அது அன்றைய கூலியைப் பறிக்கும் நிபந்தனைதான்; ஆனாலும் ஒரு நாள்கூடத் தவற விடாதீர்கள், அதைக் காட்டியே ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். இரண்டு வாரம் ஒழுங்காகக் கையெழுத்திட்ட பிறகு நிபந்தனைத் தளர்வு மனுப் போடச் சொல்லுங்கள். அதுவரை, கையெழுத்திட்ட தேதிகளை வீட்டுக் காலண்டரில் நாள்தோறும் குறித்துவையுங்கள்; நிலையத்துப் பதிவேட்டில் ஒரு நாள் விடுபட்டிருந்தால், உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காலண்டர் மட்டுமே.