மல்லாந்து உறங்கும் குழந்தையும் தொண்டையின் இரு குழாய்களும்

அடுத்த மாதம் முதற்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் கல்முனை வாசகி ஒருவர், தம் கட்டிலோடு ஒட்டி வைக்கக்கூடிய, ஒரு பக்கம் தாழ்ந்த தொட்டிலை வாங்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறார். பால் குடித்த பிள்ளையைத் தட்டையான மெத்தையில் மல்லாத்திக் கிடத்தினால், அது கக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று வீட்டு மூத்தவர்கள் அஞ்சுகிறார்களாம். தலைப்பக்கம் சாய்வாக உயர்ந்த தொட்டில்தான் நல்லதா என்பது அவருடைய கேள்வி.

தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் பிள்ளை உறங்குவது நல்லது. ஆகவே பக்கத் தொட்டில் நல்ல தெரிவுதான். மூத்தவர்களின் அச்சத்துக்கு விடை நம் கழுத்திலேயே இருக்கிறது. கழுத்தின் முன்புறத்தை விரலால் தடவினால், வளையம் வளையமாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். உணவுக்குழாய் அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. நிற்கும்போது முன்னும் பின்னுமாக இருக்கும் இக்குழாய்கள், பிள்ளை மல்லாந்து படுத்தவுடன் மேலும் கீழுமாக மாறிவிடுகின்றன: மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. வயிற்றிலிருந்து திரும்பி வரும் பால் மூச்சுவழிக்குள் புக வேண்டுமானால், புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். மட்டக்களப்பு மாரி வெள்ளம் முதலில் பள்ளத்து வயலைத்தான் நிரப்பும். மேட்டில் கட்டிய வீட்டுப் படியை எளிதில் ஏறாது. கக்கிய பாலும் அவ்வாறே தொண்டையின் பள்ளமான பின்புறத்தில் தேங்குகிறது, பிள்ளை அதை மீண்டும் விழுங்கிவிடுகிறது. குப்புறக் கிடத்தினாலோ இந்த ஒழுங்கு தலைகீழாகி, உணவுக்குழாய் மேலேயும் மூச்சுக்குழாயின் வாசல் கீழேயும் அமைந்து, பால் அந்த வாசலை நோக்கியே வடியக்கூடும்.

இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. குரல்வளை வாசலில் துளித் திரவம் பட்டாலும், அங்குள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து, குரல்நாண்களை மூடச் செய்து, விழுங்கலையோ இருமலையோ தூண்டிவிடுகின்றன. யாரும் கற்றுக்கொடுக்காமலே நிறைமாதக் குழந்தை இந்தக் காவலோடு பிறக்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் பிள்ளைகளை மல்லாத்திக் கிடத்தும்படி பெரும் பரப்புரைகள் தொடங்கின. அதன்பின் அமெரிக்காவில் காரணம் புரியாத திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பால் புரைக்கேறி இறப்பது கூடவில்லை.

சாய்வான தொட்டில் இந்தக் காவலுக்கு உதவுவதில்லை, தீங்கே செய்கிறது. பச்சிளம் பிள்ளையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. கழுத்தோ அதைத் தாங்கும் வலுவற்றது. சாய்வில் தலை முன்னே மடிந்து நாடி நெஞ்சில் முட்டும்போது, மென்மையான மூச்சுவழி ஒடுங்கிவிடுகிறது. ஏணையில் உடல் வில்லாக வளைவதாலும் இதே நிலை ஏற்படலாம். பிள்ளையைத் தாலாட்டிய ஏணையை வெறுக்கச் சொல்லவில்லை, ஆனால் இரவு முழுவதும் உறங்க அது ஏற்ற இடமன்று. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் நோயுள்ள பிள்ளைக்கும் வைத்தியர் சொல்வதே வழி.

மெத்தை தட்டையாக மட்டுமன்றி இறுக்கமாகவும் இருக்க வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமிலவாயு உண்டு. வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. இலவம்பஞ்சு மெத்தையிலோ தலையணையிலோ முகம் புதைந்தால், விட்ட மூச்சே அந்தக் குழியில் தேங்கி, பிள்ளை அதையே திரும்பத் திரும்ப இழுக்க நேரிடும். தலை உருண்டையாக வரட்டும் என்று சிறு தலையணை வைப்பதும், கண்ணூறு படாதிருக்கத் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பதும், கழுத்தில் கயிறு கட்டுவதும் அன்பினால்தான் என்பதை அறிவேன். எனினும் அந்த அன்பைத் தொட்டிலுக்கு வெளியே காட்டும்படி மன்றாடிக் கேட்கிறேன். குளிர்நாட்டு ஆய்வுகள் கம்பளியைப் பற்றிப் பேசுகின்றன. நம் வீடுகளில் இருப்பவை புழுக்கமும் மின்வெட்டும் நுளம்பு வலையும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்கு இத்தகைய ஆய்வுக்கென நிதி ஒதுக்குவது வீண் செலவாகாது. வலையைப் பொறுத்தவரை, இழுத்துக் கட்டி, முகத்தில் விழாதபடி எல்லாப் பக்கமும் செருகிவிட வேண்டும்.

பக்கத் தொட்டிலில் அதிகம் கவனிக்க வேண்டியது அது கட்டிலோடு சேரும் இடம். தாயின் தும்பு மெத்தை ஆண்டுகள் செல்லச் செல்லப் பள்ளமாகி, இரு படுக்கைகளுக்கும் இடையே இடைவெளி விழும். பிள்ளை உருண்டு அதில் சிக்கினால் தானாக மீள முடியாது. ஆகவே தொட்டிலைப் பட்டியால் கட்டிலோடு இறுக்கிப் பிணைக்க வேண்டும்; தாழ்ந்த பக்கத்திலும் மெத்தைக்கு மேல் ஒரு தடுப்பு நிற்க வேண்டும். ஐரோப்பிய நியமம் இதற்குக் கேட்பது குறைந்தது 12 சென்ரிமீற்றர். தாயின் போர்வையும் சேலைத் தலைப்பும் தொட்டிலுக்குள் சரியக்கூடாது.

தச்சரிடம் செய்விப்பதானால், சட்டங்களுக்கிடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாதபடி முன்கூட்டியே சொல்லுங்கள். தளபாடக் கடைக்குப் போனால், சாதாரணக் குளிர்பானத் தகர டின் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சட்டங்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். அது புகுந்து வெளியே வந்தால், அந்தத் தொட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறொன்றைப் பாருங்கள்.